ரெண்டு ரூபாய்க்கு ரெண்டு ரூபாய்

மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலே பனியனில் ஊசி விழுந்த ஓட்டையைச் சொல்லிவிடுவேன் என்பார் சோணைமுத்து. சொல்லிவிடுவார்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உலகத்தில் உள்ள மற்றவற்றையெல்லாம் மதிப்பிடக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சாட்சி.

கமுதிக்குப் பக்கத்து ஊர்க்காரர். எண்பத்தெட்டில், பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தார். முதல் இரண்டு வருடம் கைமடி வேலை. தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி அடுக்குவதும். அதற்குப் பிறகு செக்கிங். அனுப்பப்போகும் பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். பழுது இல்லாததில் தன் நம்பரை ஒட்டித் தள்ள வேண்டும். அவருடைய நம்பர் பதினாலு. வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து ஏதோ ஒரு பெட்டியைப் பிரித்து ஏதோ ஒரு பனியனை உருவிப் பார்க்கும்போது அதில் கறை இருந்தால், யார் பாஸ் செய்தது என்பதை அந்த நம்பர் காட்டிக்கொடுத்துவிடும். இருபது வருடத்தில் பதினாலாம் நம்பரைக் காட்டி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலாளி மணியன் ஒரு தீபாவளிக்கு எல்லோர் முன்னாலும், "பதினாலு பாத்துட்டா அப்பறம் நான் பாக்கறதில்லீங்க" என்றார். போனஸ் எல்லோருக்கும் கொடுத்த அதே போனஸ்தான். வார்த்தைக்குச் செலவு கிடையாது என்பது முதலாளிகளுக்குத் தெரியும். சோணைமுத்துவுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் பேக்கரியில் டீ கிளாசைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

இரண்டாயிரத்து நாலில் அவருக்கு நாணயம் சேர்க்கும் பித்துப் பிடித்தது. பிடிக்க வைத்தவர் தவசி. தவசி தேனிப் பக்கத்து ஆள், பவர் டேபிள் காண்ட்ராக்டர். பத்துத் தையல் மிஷின்களுக்கு ஆள் வைத்துக் கம்பெனிகளில் பீஸ் கணக்கில் தைத்துக் கொடுப்பவர். கையில் காசு புழங்கும். கேட்டதையெல்லாம் நம்பி, நம்பியதையெல்லாம் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லும் சுபாவம். ஒரு பழைய நாணயம் பம்பாயில் லட்ச ரூபாய்க்குப் போயிற்று என்பார். அஞ்சு ரூபாயை உருக்கி பிளேடு செய்கிறார்கள், அதனால்தான் சில்லறைக்குத் தட்டுப்பாடு என்பார். லட்ச ரூபாய்க்குப் போனது எந்த நாணயம், எந்த வருடம், வாங்கியது யார் என்று கேட்டால், "அதெல்லாம் ரகசியம்ணே" என்பார்.

சோணைமுத்து கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் வாங்கியதும் பேக்கரிக்குப் போய் நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துச் சில்லறை கேட்பார். பேக்கரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார். வீட்டில் ட்யூப்லைட்டுக்குக் கீழே அவற்றை விரித்துச் செக்கிங். கீறல் இருந்தால் ரிஜெக்ட். மங்கியிருந்தால் ரிஜெக்ட். வருடத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளியோ வைரமோ நட்சத்திரமோ இருந்தால் அது பிரிண்ட் பிசகு, அதுவும் ரிஜெக்ட். அந்தக் குறிகள் எந்த ஊர் நாணய ஆலையில் அடித்தது என்பதைச் சொல்பவை என்பது அவருக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாணயம் சேர்ப்பவர்கள் முதலில் தேடும் இடமே அதுதான். பனியன் நெஞ்சில் அச்சடித்த படத்துக்குக் கீழே தேவையில்லாத ஒரு புள்ளி விழுந்தால் அது ரிஜெக்ட் இல்லையா? அதே நியாயம். இப்படியாக, மும்பையும் ஐதராபாத்தும் நொய்டாவும் அடித்ததையெல்லாம் திங்கட்கிழமை டீக்குக் கொடுத்துவிட்டு, குறியே போடாத கல்கத்தாக் காசை மட்டும் ஐந்து வருடம் சேர்த்தார்.

பாஸ் ஆன நாணயத்தைப் பழைய பனியன் துணியால் பளபளவென்று தேய்த்து, அதன் முகத்திலேயே பதினாலாம் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி, குழந்தைச் சட்டை போடும் பாலிதீன் கவரில் இருபது இருபதாகப் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். ஊரில் கண்டக்டரும் பயணியும் ஒரு ரூபாய்ச் சில்லறைக்கு அடித்துக்கொண்டிருந்த காலம் அது.

அவருடைய மனைவி அனுசுயா ஓவர்லாக் டெய்லர். பதினைந்து வருடமாக அந்தம்மாளுக்கு ஒரே ஆசை. காதர்பேட்டையில் ஒரு சின்னக் கடை. கம்பெனிகளில் ரிஜெக்ட் ஆகும் பனியனைக் கிலோக் கணக்கில் எடுத்து விற்க வேண்டும். வடக்கிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து குவியும் இடம் அது. ஆறடிக்கு எட்டடி இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாயிரத்து ஒன்பது ஆடி மாதம் அப்படி ஒரு கடை காலியாவதாகத் தெரிந்தது. பூவாத்தாள் என்பவருடைய கட்டடம். தோட்டமும் மூன்று சந்துக் கடைகளும் அவிநாசிபாளையம் போகும் மினி பஸ் ஒன்றும் வைத்திருந்த கவுண்டர் வீட்டு அம்மாள்.

"நாப்பதாயிரம் அட்வான்ஸ், கண்ணு. ஆடியில நான் சாவி குடுக்கறதில்ல. ஆவணி ஒண்ணாந் தேதி காலைல பணத்தோட வா. வல்லீன்னா சோமனூர்க்காரரு ஒருத்தரு கேட்டுட்டே இருக்கறாரு, அவருக்குக் குடுத்துப்போடுவேன். அப்பறம் ஏனுங்கம்மான்னு வந்து நிக்கப்படாது."

"வந்துருவோங்கம்மா" என்றார் அனுசுயா.

சீட்டெடுத்தது முப்பத்திரண்டாயிரம் கையில் இருந்தது. எட்டாயிரம் குறைந்தது.

"எட்டுக்கு என்ன பண்ண?" என்றார் வீட்டுக்கு வந்து.

சோணைமுத்து கட்டிலுக்கு அடியில் கை காட்டினார். "லட்சத்த வச்சுக்கிட்டு எட்டாயிரத்துக்கு அழுகுற. ஒரு கவரப் பிரிச்சா முடிஞ்சது."

"அஞ்சு வருசமா இதத்தான் சொல்றீக. பெருக்கயில வெளக்கமாறு இடிக்குதே ஒழிய, லட்சம் ஒண்ணும் இடிக்கல."

அந்த வருட ஆனியில் அனுசுயாவுக்கு மினி பஸ்ஸில் ஒரு விசித்திரமான அஞ்சு ரூபாய் வந்து சேர்ந்திருந்தது. நாணயத்தின் நடுவில் விழவேண்டிய அச்சு ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்து, மறுபக்கம் பிறைபோல வெறும் உலோகமாக இருந்தது. அழுக்கேறிக் கறுத்திருந்தது. மூன்று கடைகளில் வாங்க மறுத்தார்கள். "எவனோ என் தலையில கட்டிட்டான், நீங்களாச்சும் மாத்துங்க" என்று கணவரிடம் கொடுத்தார். சோணைமுத்து ஒரு பார்வை பார்த்தார். பிறை இருந்த பக்கத்தில் சிவப்பு அம்பை ஒட்டி, டிராயரில் எறிந்தார்.

ஆடி கடைசி வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, கோயம்புத்தூரில் நாணயக் கண்காட்சி என்று தவசி சொன்னார். லட்சத்தை எங்கே மாற்றலாம் என்று பார்த்துவர சோணைமுத்து போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் அவர் கண்ணில் பட்டது, அச்சு தள்ளிப்போன ஒரு ரூபாய் நாணயம். கீழே விலை: ஆயிரத்து ஐந்நூறு. பின்னால் அய்யாசாமி உட்கார்ந்திருந்தார். டவுன்ஹால் பக்கம் இருபது வருடமாக நாணயக் கடை வைத்திருப்பவர்.

"ஏங்க, இது ரிஜெக்ட் பீஸ் இல்லையா?"

"ஆமாங்க. அதனாலதான் விலை."

சோணைமுத்துவுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். "எங்கிட்ட அஞ்சு ரூவாயில இத விடப் பெருசாத் தள்ளுனது ஒண்ணு கெடக்குதே!"

அய்யாசாமி நிமிர்ந்தார். "வருஷம் தெரியுதுங்களா?"

"தெரியுது."

"மூணுல ஒரு பங்கு தள்ளியிருக்குங்களா?"

"கூடவே இருக்கும்."

"பெங்களூர்ல எனக்கு ஒரு பார்ட்டி இருக்கறாருங்க. அஞ்சு ரூபாய்ல தப்பா அடிச்சது மட்டுந்தான் சேத்தறாரு. பெருசா விலகி, வருஷமும் தெரியறது அவருகிட்ட இல்ல. எட்டு, ஒம்பதாயிரம் வரைக்கும் போகலாமுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம கடைக்குக் கொண்டு வாங்க. அப்படியே கொண்டு வாங்க."

வருடமும் ஆலையும் அளவும் கேட்டு ஆள் இருந்தால் எட்டாயிரம். அந்த பெங்களூர்க்காரருக்கு நாளைக்கே தபால்தலைமேல் ஆசை திரும்பிவிட்டால் ஐந்து ரூபாய். அதையும் கடைக்காரர் வாங்கமாட்டார். கோடிக்கணக்கான நாணயத்தை ஒழுங்காக அடித்த ஆலைக்கு ஒருவரும் பாராட்டுச் சொல்வதில்லை. என்றோ ஒரு நாள் தகடு நகர்ந்துபோனதை எவரும் கவனிக்காமல் விட்ட ஒரு நொடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆராதிக்கிறார்கள். சேகரிப்பவர்களைப் பெரிய அறிவாளிகள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பைத்தியத்துக்குக் கறாரான விதிகள் உண்டு. சோணைமுத்துவின் பைத்தியத்துக்கு அதுவும் இல்லை.

அய்யாசாமி கடைசியாகச் சொன்ன 'அப்படியே' என்ற வார்த்தையை சோணைமுத்து உபசாரம் என்று எடுத்துக்கொண்டார். அதற்கும் காரணம் இருந்தது. வாங்குகிற கம்பெனியின் ஆள் வருகிறான் என்றால் திருப்பூரில் எதுவும் அப்படியே இருக்காது. தரைக்குப் புதிதாக மஞ்சள் கோடு போடுவார்கள். பனியனில் எண்ணெய்க் கறை இருந்தால் ஸ்ப்ரே அடித்து எடுப்பார்கள். அயர்ன் போட்டு, நூல் பிசிர் வெட்டி, கவரில் போட்டு நீட்டுவார்கள். கறையோடு சரக்கை நீட்டுகிறவனை இந்த ஊரில் பைத்தியக்காரன் என்பார்கள். இருபது வருடம் இதைச் செய்த கை சும்மா இருக்குமா?

சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம், துணியில் துருக்கறை எடுக்க வைத்திருக்கும் ஆசிட்டில் ஒரு கிளாஸ் வாங்கி வந்தார். நாணயத்தை அதில் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். எடுத்து, பாத்திரம் துலக்கும் பவுடரையும் வேஸ்ட் துணியையும் வைத்து, பிறை கண்ணாடிபோல மின்னும்வரை தேய்த்தார். சிவப்பு அம்பின் பசை ஓரத்தில் போகவில்லை. அதை பிளேடால் சுரண்டினார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"இப்பப் பாரு" என்று நீட்டினார்.

"முந்தி காசு மாதிரி இருந்துச்சு. இப்ப பட்டன் மாதிரி இருக்கு" என்றார் அனுசுயா.

"ஒனக்கு என்னா தெரியும் பினிஷிங்கப் பத்தி?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அட்டைப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து பஸ் ஏற்றி, டவுன்ஹாலில் இறங்கி அய்யாசாமி கடைக்குப் போனார்கள். பெட்டி பதினெட்டு கிலோ இருந்தது. கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

அய்யாசாமி பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த அஞ்சு ரூபாயக் காட்டுங்க" என்றார். சோணைமுத்து வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அய்யாசாமி லென்ஸை எடுத்தார். குனிந்தார். லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, என்ன பண்ணிப்போட்டீங்க?"

"க்ளீன் பண்ணுனேங்க. ஒரே அழுக்கு."

"எதுல?"

"ஆசிட்ல போட்டு, பவுடர் வச்சு…"

"நான் அப்படியே கொண்டு வாங்கன்னு சொன்னனுங்களா, இல்லீங்களா?"

"சொன்னீங்க. ஆனா பார்ட்டி பாக்குற பொருளு, அப்படியே எப்படிங்க…"

அய்யாசாமி நாற்காலியில் சாய்ந்தார். கோபத்தைவிடச் சலிப்புத்தான் அதிகம் இருந்தது. "இங்க பாருங்க. தப்பு ஆலைக்குள்ள நடந்திருக்கோணும். அதுக்குத்தான் விலை. வெளிய வந்த பொறவு நடந்தா அது சேதம். அச்சு விலகுனது ஆலை பண்ணுன தப்பு. இந்தக் கோடெல்லாம், தெரியுதுங்களா, பூனை பொறாண்டுன மாதிரி, இது நீங்க பண்ணுனது. ஓரத்துல பிளேடு பட்டிருக்குது. மேல் தோலே போயிருச்சுங்க. இத அனுப்புனா பெங்களூர்க்காரரு அடுத்து எங்கிட்ட பேசவே மாட்டாரு."

"கொஞ்சங் கொறச்சு…?"

"கொறைக்கறதுக்கு விலை இருந்தாத்தானுங்க?"

அனுசுயா அதுவரை வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். "அய்யா, இதையும் பாத்துருங்க. தூக்கிட்டு வந்தாச்சு."

அய்யாசாமி ஒரு கவரைப் பிரித்து ஒரு நாணயத்தை எடுத்தார். நெற்றியைச் சுருக்கினார். "இது என்னங்க பதினாலு?"

"என் செக்கிங் நம்பருங்க" என்றார் சோணைமுத்து. அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"காசு மேலயே ஒட்டியிருக்கறீங்க."

"பாஸ் ஆனதுக்கு அடையாளம்."

இன்னும் நாலு கவர் பிரித்தார். "எல்லாமே கல்கத்தாவா இருக்குது. மத்ததெல்லாம் எங்கீங்க?"

"அதுல வருசத்துக்குக் கீழ பிசகு இருந்துச்சு. டீக்குக் குடுத்துட்டேன்."

அய்யாசாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட சோணைமுத்து தாங்கியிருப்பார். "புதுசா வந்தது வந்த மாதிரி தேய்க்காம வச்சிருந்தா நூத்துல ஒண்ணு தேறும். எல்லாத்தையும் ஒரசி, பசை போட்டு… இதெல்லாம் கோடிக்கணக்குல அடிச்சதுங்க. இன்னைக்கு பஸ்ல ஏறுனீங்கன்னா கண்டக்டர் பையில கெடக்கும். ரெண்டு ரூபாய்க்கு ரெண்டு ரூபாய். அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு ரூபாய். அதுக்கு மேல ஒரு பைசா இல்லீங்க."

திரும்பும்போது கண்டக்டர் மறுபடியும் லக்கேஜ் போட்டார். பஸ் பல்லடம் தாண்டியது. பிறகு சோணைமுத்து, "அந்தாளுக்குக் கண்ணு சரியில்ல" என்றார்.

ஆவணி ஒன்றாம் தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் தவசி வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர் போய்வந்த சேதி அவருக்கு எட்டியிருந்தது, பாதிதான் எட்டியிருந்தது. எட்டாயிரம் விலை என்பது மட்டும் காதில் விழுந்து, மற்றது விழவில்லை. தவசியின் காது எப்போதும் அப்படித்தான்.

"அண்ணே, அத எங்க, காட்டுங்க."

சோணைமுத்து டிராயரைத் திறந்து காட்டினார். சாயங்கால வெயிலில் பிறை மின்னியது.

"யப்பா! என்னா பளபளப்பு! இதுக்கா அந்தக் கோயம்புத்தூரான் எட்டாயிரம் சொன்னான்? ஏமாத்துறாண்ணே. நான் ஒம்பது தரேன். கையோட கொண்டாந்துருக்கேன்." சட்டைப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். "சென்னையில ஒருத்தன் இருக்கான், இருபதுக்குத் தள்ளிருவேன்."

அனுசுயா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். கட்டையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார். மறுநாள் காலை பூவாத்தாள் வீட்டில் நிற்க வேண்டும். கட்டில்மேல் கடை கிடந்தது.

"கேக்குறது அவரு. நாம ஒண்ணும் கூப்புடல" என்றார்.

சோணைமுத்து நாணயத்தை எடுத்து நீட்டினார். நீட்டினார் என்பதை மறைப்பதற்கில்லை. தவசி அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நாலு பவுன் சங்கிலி வாங்கியவர்போலச் சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. ஒங்க நம்பர ஒட்டிக் குடுங்க. பதினாலு பாத்ததுன்னா சென்னைக்காரன் கேள்வியே கேக்கமாட்டான்ல! ஒங்க மணியன் மொதலாளியே கேக்குறதில்ல!"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். சோணைமுத்துவின் கை தவசியின் கையிலிருந்து நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

"இது ரிஜெக்ட்டு, தவசி."

"என்னது?"

"ரிஜெக்ட்டுடா. ஆசிட்ல போட்டுத் தேச்சுப்புட்டேன். கோடு விழுந்துருச்சு. ஒண்ணுத்துக்கும் ஆகாது."

தவசி ஒரு நிமிடம் முழித்தார். பிறகு கண்ணைச் சிமிட்டினார். "வெலைய ஏத்துறீகளா? சரி, பத்து."

"பத்துமில்ல, பன்னெண்டுமில்ல. எந்திரி."

"அட, இருங்கண்ணே! அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

அனுசுயா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார், இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்த ஆளைப் புதிதாகப் பார்ப்பவர்போல. தவசி கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வச்சுக்கிட்டு நக்குங்க" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். மறு வாரமே பல்லடம் ரோட்டில் வேறொருவரிடம், முலாம் பூசிய ரெண்டு ரூபாய் ஒன்றை ஏழாயிரத்துக்கு அவர் வாங்கியதாகக் கேள்வி.

சோணைமுத்து செய்ததை நேர்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேர்மைக்காரர் நீட்டியிருக்கவே மாட்டார். தவசி நம்பரைக் கேட்காமல் போயிருந்தால் வியாபாரம் முடிந்து, இருவரும் டீ குடித்திருப்பார்கள். அவரைத் தடுத்தது தவசிமேல் இருந்த இரக்கமும் இல்லை, பயமும் இல்லை. பழுதான சரக்கில் பதினாலு ஒட்டுவதில்லை என்ற திமிர். ஐந்து வருடம் அவரை முட்டாளாக்கிய அதே திமிர். ஆனாலும் ஒரு மனிதர் எதன்மேல் கையெழுத்துப் போடமாட்டார் என்பது தெரிந்துவிட்டால் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த மாதிரிதான். அவ்வளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தவசி போனதும் அனுசுயா கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் கோயம்புத்தூர்க்காரரு என்னா சொன்னாரு?"

"எத்தன தடவ சொல்ல? வெலை போகாதுன்னாரு."

"அது இல்ல. பெட்டியப் பத்தி."

"ரெண்டு ரூவாய்க்கு ரெண்டு ரூவா."

"அஞ்சுக்கு?"

"அஞ்சு." சோணைமுத்து எரிச்சலோடு சொன்னார். "குத்திக் காட்டுறியா?"

அனுசுயா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். ஒரு கவரைப் பிரித்து தரையில் கொட்டினார். இன்னொன்று. இன்னொன்று. சோணைமுத்து முதலில் தடுக்கப் போனார். அந்தம்மாள் விரல் எண்ணிக்கொண்டே நகர்வதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ரெண்டு ரூபாய் ஆயிரத்து நானூறு. அஞ்சு ரூபாய் ஆயிரத்து நூறு. எட்டாயிரத்து முந்நூறு.

லட்சம் என்று நினைத்துத் தூக்கிப்போனபோது அது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியபோது அது எட்டாயிரத்து முந்நூறு. அதை ஒரு பொருளாகப் பார்த்த சோணைமுத்துவுக்கும் அய்யாசாமிக்கும் அது காசு என்பது மறந்துபோயிருந்தது.

"வாளியில தண்ணி புடிச்சுட்டு வாங்க" என்றார் அனுசுயா.

ஸ்டிக்கர் ஒட்டிய காசை யார் வாங்குவார்கள்? ஊறப்போட்டார்கள். இருட்டுவதற்குள் வாளி நிறையக் காகிதம் மிதந்தது, எல்லாவற்றிலும் பதினாலு. மிச்சத்தை சோணைமுத்து நகத்தால் சுரண்டினார்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை பூவாத்தாள் வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். அனுசுயா நோட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து காட்டினார்.

"மிச்சம் சில்லறையா இருக்குங்கம்மா. தப்பா நெனைக்காதீக."

பூவாத்தாள் எட்டிப் பார்த்தார். "அட சாமி! தப்பா? எங்க மினி பஸ்ஸுக்குச் சில்லறை கெடைக்காம கண்டக்டரு தெனமும் சண்ட போட்டுட்டு வந்து ஊட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான். இவ்வளவு எங்க கண்ணு புடிச்ச?"

"இவுக சேத்து வச்சிருந்தாக."

"நல்லாருக்குது போ! ஊருச் சில்லறையெல்லாம் உங்கூட்லதான் இருந்துதாக்கும்!" அவர் சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி அள்ளி, விரல்களுக்கிடையே நழுவவிட்டார். "அது என்னமோ ஒட்டுது?"

"பசைங்க" என்றார் சோணைமுத்து.

"போனாப் போகுது. ஓடற காசுதான?" முந்நூறு ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்து, சாவியை அனுசுயாவிடம் நீட்டினார். "பத்தரம் யாரு பேர்ல எழுதட்டும்?"

சோணைமுத்து வாயைத் திறந்தார். அனுசுயா முந்திக்கொண்டார். "என் பேர்ல எழுதுங்கம்மா."

காதர்பேட்டைச் சந்துக்கு நடந்து வந்தார்கள். ஷட்டருக்கு முன்னால் நின்று, பூட்டில் சாவியைப் போடுவதற்கு முன் அனுசுயா இரண்டு கடை தள்ளி இருந்த ஒரு கதவைக் காட்டினார். அங்கே குழந்தை ஜட்டி வியாபாரம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி அந்தக் கடைதான நாம கேட்டோம்?"

"ஆமா."

"எம்புட்டுக் கொறஞ்சு கைய விட்டுப் போச்சு?"

சோணைமுத்து யோசித்தார். "நாலாயிரம்."

"அன்னைக்கு இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

அனுசுயா பூட்டைத் திறந்ததும் சோணைமுத்து குனிந்து ஷட்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அனுசுயா மறுபக்கத்தைப் பிடித்தார். துருப்பிடித்திருந்ததால் பலமாகத் தூக்க வேண்டியிருந்தது.